நலம் விசாரிப்பவர்

போன் அவள் கையில் இருந்தது. இணைப்பு துண்டாகிவிட்டது, திரையும் இருண்டுவிட்டது. சிவப்புப் பொத்தானை அழுத்திய கட்டைவிரலை மட்டும் அவள் எடுக்கவில்லை. எடுத்தால் அந்தக் குரல் திரும்ப வந்துவிடும் போலிருந்தது.

"ஏன்டி, உனக்குப் பேய் கீய் பிடிச்சிருக்கா?" என்றாள் நெட்டை.

வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் நெட்டை. இந்த வருஷம்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். வந்த வாரமே இவளோடு ஒட்டிக்கொண்டவள்.

நெட்டையின் அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை கழுத்திலிருந்து தொங்கிய துணித் தூளியில் கிடந்தது. மடியில் ஒரு கறுப்புக் கோட்டு. இடது கையில் தையலைப் பிரிக்கும் பிளேடு. பின்னால் தையல் மெஷின், பழைய படுக்கை விரிப்பால் முக்காடு போட்டு மூலையில் உட்கார்ந்திருந்தது.

"தெரிஞ்சவங்களாம்மா அது? பாவம், அந்த மனுஷன் நல்லாத்தானே பேசிட்டிருந்தார்" என்றார் கடைசியில்.

நல்லாத்தான் பேசினார். அதுதான் பிரச்சினை.

போன் அடித்தபோது நெட்டையின் அம்மாவுக்கு எடுக்கக் கை இல்லை. ஒரு கை தூளியில், ஒரு கை பிளேடில். நெட்டைதான் ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள். முதலில் ஒரு பெண் குரல், இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று ஒப்பித்துவிட்டுப் போனது. அதை யாரும் காதில் வாங்கவில்லை, யாரும் எப்போதும் வாங்குவதில்லை. அதன் பிறகு அந்த மனுஷன் வந்தார்.

"வணக்கம்மா. இன்சூரன்ஸ்லேர்ந்து பேசறேன். அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல நீங்க எப்படி இருக்கீங்க, அதைச் சொல்லுங்க."

காய்ச்சல் குழந்தையின் நெற்றியில் வைத்த கை மாதிரி ஒரு குரல். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவளுக்குப் புரையேறியது. அந்தக் கை எத்தனையோ தடவை அவள் நெற்றியில் இருந்திருக்கிறது.

"நல்லா இருக்கேன் சார்" என்று சொல்லிவிட்டார் நெட்டையின் அம்மா. சொல்லாமல் என்ன செய்வார்? கேட்டால் அப்படித்தானே சொல்வார்கள்.

போச்சு, என்று நினைத்தாள் அவள்.

"தூக்கமெல்லாம் வருதாம்மா?"

"மாத்திரை போட்டா வருது சார்."

"வரணும்மா, தூக்கம்தான் மருந்து. ஆனா சும்மா உட்கார்ந்திருக்கிறதுதான் கொடுமையா இருக்கும், இல்ல? உழைச்ச கை. சும்மா இருன்னா இருக்குமா?"

"அதை ஏன் கேக்கறீங்க சார்!" நெட்டையின் அம்மாவுக்கு முகமே மலர்ந்துவிட்டது. வேன் வந்து இடித்துத் தள்ளிய நாளிலிருந்து அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. டாக்டர் எலும்பைக் கேட்டார், போலீஸ்காரர் வண்டி எண்ணைக் கேட்டார். "சும்மாவே இருக்க முடியல சார். இப்பகூடப் பாருங்க, ஒரு கோட்டை எடுத்து வெச்சு..."

அப்போதுதான் அவள் பாய்ந்தாள். பாயும்போதே கத்தினாள். என்ன கத்தினாள் என்பது, கத்தி முடித்து, போனைப் பிடுங்கி, துண்டித்த பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

"அப்பா, வேணாம்ப்பா!"

"அது ஏமாத்தற போன் ஆன்ட்டி" என்றாள் இப்போது. "இப்படித்தான் நல்லாப் பேசிப் பேசியே..."

"பேங்க் நம்பரா கேட்டாங்க? தூங்கறீங்களான்னுதானே கேட்டாங்க?" என்றாள் நெட்டை. "அதுசரி, அப்பான்னு ஏன் கத்தின?"

"பயத்துல வந்துடுச்சு."

"பயந்தா எல்லாரும் அம்மான்னுதான்டி கத்துவாங்க. நீ என்ன, வேணாம்ப்பான்னு கெஞ்சற?"

அவள் கோட்டைச் சுருட்டினாள். நெட்டையின் அம்மா பதறினார். "ஏய் ஏய், பாதிதான் பிரிச்சிருக்கேன், கையிடுக்குல வாயைத் திறந்துட்டு நிக்குது. விட்டுட்டுப் போம்மா, அளவு குறிச்சுக் குடுத்தா இவ தெச்சுடுவா. உங்க அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டு வரணும்னு சொன்னியே."

"பரவாயில்ல ஆன்ட்டி."

படியிறங்கும்போது அவள் யோசித்தது ஒன்றுதான். அந்தக் கோட்டு அப்பாவுடையது. அதைப் பிரித்தவருக்கு நஷ்ட ஈடு கிடைக்காமல் போவதற்கு, அந்தக் கோட்டையே அப்பா சாட்சியாகப் பிடிக்க இருந்தார்.

அப்பா சட்டம் படித்தவர். சின்ன வயதில் அம்மை போட்டிருந்தது என்று சொல்பவர்களைப் போல அதைச் சொல்வார், இப்போது தழும்பு மட்டும்தான் என்கிற தோரணையில். படித்து முடித்து ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தார். பையைத் தூக்கினார், வழக்குக் கட்டுகளைத் தூக்கினார், வக்கீல் வீட்டம்மாவின் மாவு மூட்டையையும் தூக்கினார். அத்தனை வருஷத்தில் நீதிமன்றத்தில் அவர் வாய் திறந்து சொன்னது ஒரே வாக்கியம். "சீனியர் வந்துட்டிருக்கார், கொஞ்சம் அவகாசம் வேணும்." அவ்வளவுதான். அவகாசம் கேட்டுக் கேட்டே அவருக்குக் கல்யாணம் ஆனது, அவள் பிறந்தாள். பிறந்த குழந்தையிடம் அவகாசம் கேட்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போனார்.

கழற்றிய வக்கீல் வீட்டில் மட்டும் மிச்சம் இருந்தார். அம்மா டிவியை அணைத்தாலோ, வெளியே போகக் கூடாது என்றாலோ அவள் நேராக அப்பாவிடம்தான் போவாள். "வாங்க கட்சிக்காரம்மா, இன்னிக்கு என்ன வழக்கு?" என்பார். பூரிக்கட்டையைத் தட்டி அம்மா தீர்ப்பு சொல்வாள். பெரும்பாலும் கட்சிக்காரம்மா தோற்பாள், வக்கீலுக்கும் சேர்த்துத் திட்டு விழும்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. எப்படி இருக்கீங்க என்று யார் கேட்டாலும், நல்லா இருக்கேன் என்று யாரும் சொல்வதில்லை. "இருக்கோம்" என்பார்கள். அதோடு சரி. அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் பழக்கினார் அப்பா. உறவுக்காரர்கள் அதைத் திமிர் என்றார்கள். அத்தை ஒருத்தி மட்டும், "உங்க வீட்ல எல்லாரும் இருக்கறதே பெரிய விஷயமா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

காரணம் அவளுக்குத் தெரிந்தது போன வருஷம். அப்பாவின் ஆபீஸில் பெயின்ட் அடித்தார்கள். அவர் வீட்டிலிருந்தே போனில் பேசினார். அவளுக்குக் காய்ச்சல், அடுத்த அறையில் படுத்திருந்தாள். மெல்லிய சுவர். ஒரே குரல், ஒரே கேள்வி, ஒரே இடத்தில் ஒரே சிரிப்பு. காலிழந்தவருக்கும் அதே, மகனை இழந்தவருக்கும் அதே. எப்படி இருக்கீங்க? பிறகு கொஞ்சம் அமைதி. அந்த அமைதியில் எதிர்முனையில் இருப்பவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்குச் சுவர் வழியாகவே கேட்டது.

"ஏன்ப்பா எல்லார்கிட்டயும் அதையே கேக்கற?"

அப்பா அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மந்திரவாதி தன் பிள்ளைக்கு மட்டும் சட்டைக் கையை மடித்துக் காட்டுவது போலச் சொன்னார். "எல்லாமே பதிவாகுது இல்ல? நல்லா இருக்கேன்னு சொன்னவங்க, அப்புறம் எப்படிக் கண்ணு நல்லா இல்லைன்னு நஷ்ட ஈடு கேக்க முடியும்? எது சாட்சியம்னு ஜனங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதுக்குத்தான் சட்டம் படிச்ச ஆளை வேலைக்கு வெச்சிருக்காங்க. இல்லேன்னா போன்ல பேசறதுக்கு எவன் வேணாலும் போதுமே."

அவள் சிரித்தாள். காய்ச்சலிலும் சிரித்தாள். என் அப்பா எவ்வளவு கெட்டிக்காரர் என்று அன்றைக்கு நினைத்ததை இப்போது நினைத்தால் கூசியது.

அந்த வேனுக்கு இன்சூரன்ஸ் அப்பாவின் கம்பெனிதான். அங்கே இருக்கும் ஆயிரம் பேரில் யாராவது ஒருவர் நெட்டையின் அம்மாவுக்குப் போன் பண்ணுவார் என்று அவளுக்குத் தெரியும். அது அப்பாவாக இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை. அப்பாவுக்கும் தோன்ற வழியில்லை. அவரிடம் இருந்தது ஒரு கோப்பும் அதன் மேல் ஒரு பெயரும். வீட்டில் அவள் சொல்வதோ "நெட்டை வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று.

சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்ததும் முகம் கழுவவில்லை, காபி கேட்கவில்லை. "கட்சிக்காரம்மா, கீழ வா. வண்டியைத் துடைக்கணும்" என்றார்.

வண்டி சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஆளுக்கு ஒரு துணி எடுத்துக்கொண்டார்கள். அவர் ஸ்கூட்டரின் ஒரு பக்கம், அவள் மறுபக்கம்.

"அந்த வீட்ல உனக்கு என்ன வேலை?"

"நெட்டையோட அம்மாப்பா அவங்க."

அவர் துணி ஒரு கணம் நின்று மறுபடி நகர்ந்தது. "அதுக்காக? ஆபீஸ் லைன்ல புகுந்து கத்தறதா? என்ன நினைச்சே நீ, இது நம்ம சாப்பாட்டு மேஜைன்னா?"

"அவங்க உன் கோட்டைத்தான்ப்பா பிரிச்சிட்டிருந்தாங்க. அந்தக் கோட்டுன்னு சொல்ல வந்தாங்களே, அது உன் கோட்டு. நீ பட்டன் போட முடியலைன்னியே, கொஞ்சம் பெரிசு பண்ணித் தரச்சொல்லி நான்தான் எடுத்துட்டுப் போனேன். முடியாதுன்னுதான் சொன்னாங்க. நெட்டையோட ஃபிரண்டாச்சேன்னு ஒத்தைக் கையால, இடது கையால..."

அப்பா வண்டியின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவர் முகத்தில் பாதிதான் தெரிந்தது.

பள்ளியில் அடுத்து என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று பெற்றோர்களை விட்டே பேச வைக்கும் கூட்டம் ஒன்று வரவிருந்தது. சட்டம் படித்தவர்கள் வக்கீலாகத்தான் ஆக வேண்டுமா? அதுதான் அப்பாவுக்குக் கொடுத்த தலைப்பு. இந்த உலகத்தில் யாரோ ஒருவர் தன்னை மேடைக்கு அழைத்ததில் அவர் பத்து வயது குறைந்து திரிந்தார். குளியலறையில் பேசிப் பார்த்தார். அம்மாவை உட்கார வைத்துப் பேசிப் பார்த்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்று, அதைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுப் பேச ஆரம்பிப்பேன், எப்படி என்று கேட்டார். அம்மா, "முதல்ல அது உள்ள நுழையட்டும்" என்றாள்.

"வேலை போயிடுமாப்பா?" என்றாள் அவள்.

"பாதியில அறுந்த போன்கால் எல்லாம் தானா மேலாளர் மேஜைக்குப் போயிடும். அவன் எனக்கு மேல வந்த பொடியன். ஒரு இருமலைக்கூட விடமாட்டான், திருப்பித் திருப்பிப் போட்டுக் கேப்பான்." அப்பா துணியை முறுக்கினார். அதில் பிழிய ஈரமே இல்லை. "அப்பான்னு கூப்பிட்டே பாரு, அது எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு தெரியுமா? நல்ல மெஷின் வாங்கி வெச்சிருக்காங்க. ஆள் யாருன்னு தெரிஞ்சா எனக்கு வேலையும் இல்ல, வேற எங்கயும் இல்ல. நம்ம ஆளே உள்ளிருந்து சொல்லிக் குடுத்துட்டான்னு ஆயிடும். இந்த வயசுல மறுபடி எவன் பையைத் தூக்கறது?"

அவள் அழ ஆரம்பித்தாள்.

"சரி சரி. நான் பார்த்துக்கறேன். நீ வாயைத் திறக்காம இரு, அது போதும்."

"நெட்டையோட அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதில்லப்பா?"

அப்பா குனிந்து சக்கரத்தைத் துடைத்தார். "கோட்டு விஷயம் பதிவுல முழுசா வரல. அதுக்குள்ளதான் நீ கத்திட்டியே."

அதை அவள் பதில் என்று எடுத்துக்கொண்டாள். அது பதில் இல்லை, கேள்விக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்த வேறு ஏதோ ஒன்று. வக்கீல் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மாடியில் அம்மா கோட்டை விரித்து வைத்துக்கொண்டு, பிரிந்த தையலை ஊக்குகளால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கும் தெரிந்துவிட்டது. திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"அவர் குரலை நீ குத்தம் சொல்லிடாதே. அந்தக் குரலைத் தின்னுதான் நீயும் நானும் இவ்வளவு உசரம் வளர்ந்திருக்கோம்."

மறுநாள் சாயங்காலம் அப்பா பழைய அப்பாவாக வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சீட்டி. "முடிஞ்சுது" என்றார் அம்மாவிடம். எப்படி முடிந்தது என்று அம்மா கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சாப்பாட்டு மேஜையில், "என்ன கட்சிக்காரம்மா, வழக்கே இல்லையா?" என்று அவள் தலையைத் தட்டினார். அவள் சிரித்தாள். அன்றைக்கு அடித்துப்போட்டது போலத் தூங்கினாள்.

நெட்டை மட்டும் பள்ளிக்கு வரவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

கூட்டம் நடந்த அன்று நெட்டை வந்தாள். பெரிய ஹாலில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ என்று யாரோ சோதித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டை வந்து பக்கத்து நாற்காலியில் விழுந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"ஒரு கூத்து கேளு. எங்க வீட்ல எங்க அப்பா இருக்காராம்."

"என்னது?"

"இன்சூரன்ஸ்காரங்க சொல்றாங்க. எனக்கே தெரியாம எங்க வீட்ல எங்க அப்பாவை ஒளிச்சு வெச்சிருக்கோமாம்." சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வற்றியது. நெட்டையின் அப்பா அவள் ஆறாவது படிக்கும்போது போனவர். போன இடம் தெரியாது. "அம்மா எழுதிக் குடுத்தாங்க இல்ல, வீட்ல சம்பாதிக்கிற ஒரே ஆள் நான்தான், புருஷன் இல்லைன்னு. அது பொய்யாம். அன்னிக்குப் போன்ல பொண்ணு அப்பான்னு கூப்பிடறது சுத்தமாக் கேக்குதாம். பேசின ஆபீசரே எழுதிக் குடுத்திருக்காராம், பின்னால ஆம்பளை நடமாட்டம் இருந்துச்சுன்னு. ஒண்ணுல பொய் சொன்னவங்க கை விஷயத்துலயும் பொய்தான் சொல்வாங்களாம்."

ஹால் முழுக்க இரைச்சல். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. வண்டிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு முதுகு மட்டும் கண் முன்னால் இருந்தது.

முடிஞ்சுது என்றாரே. இப்படித்தான் முடிந்திருக்கிறது.

"அம்மா ரெண்டு நாளா சாப்பிடல. கை போனதுக்குக்கூட இப்படி அழல. புருஷனை ஒளிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லிட்டாங்களேன்னு..." நெட்டை மூக்கை உறிஞ்சினாள். "நாளைக்கு ஒரு ஆள் வீட்டுக்கு வரானாம், ஆம்பளைச் செருப்பு, சட்டை கிட்டை கிடக்குதான்னு பார்க்க. நல்லவேளை, நீ அந்தக் கோட்டைத் தூக்கிட்டுப் போயிட்ட."

"ம்."

"நீ நாளைக்கு வந்துடு. வந்து, அப்பான்னு கத்தினது நான்தான், இவ இல்லைன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம். நீ வேற வீட்டுப் பொண்ணு, உனக்கு அப்பா இருக்கார், ஊருக்கே தெரியும். சொன்னா முடிஞ்சுது. வருவ இல்ல?"

"வரேன்" என்றாள்.

உடனே சொன்னாள். யோசித்திருந்தால் சொல்லியிருக்க முடியாது. சொன்ன பிறகுதான் நாளைக்கு வரப்போகிற ஆள் அடுத்ததாக என்ன கேட்பான் என்று தோன்றியது. நீங்க யாரும்மா? உங்க அப்பா பேர் என்ன? அவர் எங்க வேலை பார்க்கிறார்?

மேடையில் வகுப்பாசிரியை பேசிக்கொண்டிருந்தார். விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் துறையில், சட்டம் படித்த ஒருவர், நம் மாணவியின் தந்தை. கைதட்டல்.

"ஏய், உங்க அப்பா!" நெட்டை நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவரை அவள் பார்த்ததே ஒரு தடவை, பள்ளி வாசலில், ஹெல்மெட்டோடு. அந்தக் கஷ்டத்திலும் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "கோட்டு போட்டிருக்கார் பாரு. எங்க அம்மா பிரிச்ச கோட்டு. யாருடி தெச்சது?"

"தெக்கல. ஊக்கு."

அப்பா படியேறி வந்தார். கோட்டு அவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது, அவர் கையை அதிகம் அசைக்காமல் நடந்தார். கழற்றி நாற்காலியில் மாட்டுவதாகச் சொன்ன வித்தையை ஊக்குகளுக்குப் பயந்து விட்டுவிட்டார். மைக்கின் முன்னால் நின்றார். எல்லோரையும் ஒரு முறை மெதுவாகப் பார்த்தார். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது இல்லாத ஒரு கேள்வி, பழக்க தோஷத்தில், தானாக வந்தது.

"வணக்கம். அதெல்லாம் அப்புறம் பேசலாம். முதல்ல நீங்க எல்லாரும் எப்படி இருக்கீங்க, அதைச் சொல்லுங்க."

"நல்லா இருக்கோம்!" என்று ஹாலே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தியது.

அவள் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நெட்டையும் திறக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. நாற்காலிக் கைப்பிடியில் இருந்த நெட்டையின் நீளமான விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவது ஓரக்கண்ணிலேயே தெரிந்தது. அன்றைக்கு மேஜை மேல் வைத்த சின்ன ஸ்பீக்கரிலிருந்து வந்த குரல், இப்போது ஹாலின் நான்கு மூலையிலிருந்தும் வந்தது. பெரிதாக வந்தாலும் அதே இதம்.

"சட்டம் படிச்சா கோர்ட்டுக்குப் போகணும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. நானும் நினைச்சேன். போனேன். கோர்ட்டு என்னைக் கேக்கல." சிரிப்பு. "சட்டம் படிச்சவங்க பேங்க்ல இருக்காங்க, பத்திரிகையில இருக்காங்க, கம்பெனிக்கு ஒப்பந்தம் எழுதறாங்க. என்னை மாதிரி, அடிபட்டவங்ககிட்ட பேசற வேலையிலயும் இருக்காங்க. இதுல எல்லாத்துக்கும் ஒரே ஒரு திறமைதான் வேணும். காது. ஜனங்க பேசறதுக்கு ஏங்கிட்டிருக்காங்க. அவங்ககிட்ட அன்பா ஒரு வார்த்தை கேட்டவங்க கிடையாது. நாம கேட்டாப் போதும்."

அப்பா அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவர் அதை நம்பினார். பேசப் பேச அவர் முகத்தில், என்றைக்கோ ஒரு நீதிபதியின் முன்னால் பேச நினைத்து, பேசாமல் உள்ளேயே வைத்திருந்தது எல்லாம் வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு இடத்தில் அப்பா உற்சாகத்தில் கையைத் தூக்கினார். கையிடுக்கில் தையல் வாயைப் பிளந்தது. உள்ளே ஊக்குகள் வரிசையாக மின்னின. கைதட்டல் எழுந்தது.

பேச்சு முடிந்ததும் அவர் மைக்கை விட்டு நகரவில்லை. இரு பக்கமும் பார்த்தார். கண்கள் அவளைத் தேடிக் கண்டுபிடித்தன. அவளைக் கண்டதும் சிரித்தன. பிறகு பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தன. அந்த உயரமான பெண்ணை அவர் கண்கள் ஒரு முறை அளந்தன. சிரிப்பு அப்படியே இருந்தது, முகத்தில் இருந்து மட்டும் கழன்றுவிட்டது.

"யாருக்காவது..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

நெட்டை கை தூக்கவில்லை. எழுந்து கத்துவாள் என்று அவள் பயந்தாள். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. கத்திவிட்டால் அவள் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்காது. நெட்டை அவள் பக்கம் திரும்பினாள். அந்தக் குரல் யாருடையது என்று கேட்கவில்லை. அன்றைக்கு யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்கவில்லை. மைக்கில் விழுந்துவிடுமோ என்று பயந்தவள் போல, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"நாளைக்கு நீ வருவியா?"